ஓவனில் சுட்ட கார சீஸ் கீரை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கீரையை வெள்ளை சாஸில் கலந்து, மிளகாயும் சீஸும் சேர்த்து ஓவனில் சுடும் இந்தத் தொடுகறி அமெரிக்காவின் தென்பகுதியில், முக்கியமாக லூசியானாவில், விருந்துச் சாப்பாட்டில் வைப்பது. அங்கே ஹாலபீன்யோ மிளகாய், சர்க்கரை போடாமல் சுண்டவைத்த டின் பால், உறையவைத்த பாக்கெட் கீரை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இதைச் செய்ய இறங்கினால் கீரை வேறு, மிளகாய் வேறு, சாயங்கால வோல்டேஜ்கூட வேறு. அதனால் அந்த ஊர்ச் செய்முறையை வரி பிசகாமல் பின்பற்றினாலும் தட்டில் வந்து சேர்வது சில சமயம் கீரைக் கஞ்சியாக இருக்கிறது. கெடுகிற இடங்களில் முக்கால்வாசிக்குத் தண்ணீர்தான் காரணம். எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் கீரையின் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள்.

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்த அளவை வைத்துத்தான். ஆறு பேருக்கு: தண்டோடு பாலக்கீரை 1 கிலோ, வெண்ணெய் 40 கிராம், மைதா 25 கிராம், 6 சதவீதக் கொழுப்புள்ள பால் 300 மில்லி, சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 6 பல், பச்சை மிளகாய் 4, ஒன்றிரண்டாக இடித்த மிளகு 1 தேக்கரண்டி, மொஸரெல்லா 100 கிராம், சாதாரணச் சீஸ் கட்டி 50 கிராம், ரஸ்க் தூள் 30 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. 20 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடித் தட்டு. கலவை 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. 190 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், கடைசி 2 நிமிடம் மேல் கம்பி மட்டும்.

கீரையைக் கட்டுக் கணக்கில் வாங்காமல் நிறுத்துப் பாருங்கள். கட்டின் பருமன் கடைக்குக் கடை மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் கட்டு பாதி ஈரத்தோடு வரும். அதை உதறி, துணியில் பரப்பிக் காயவைத்த பிறகு நிறுத்தால்தான் உண்மையான எடை தெரியும்.

தட்டைச் சாய்த்தால் அடியில் தண்ணீர் ஓடுகிறது

முதலில் நிறத்தைப் பாருங்கள். பச்சையாகத் தெளிந்து ஓடினால் கீரை சரியாகப் பிழியப்படவில்லை. வெள்ளையாக, பொடிப்பொடித் திப்பியோடு இருந்தால் சாஸ் திரிந்திருக்கிறது. மஞ்சளாக மினுங்கினால் அது தண்ணீரே இல்லை. சீஸ் கக்கிய கொழுப்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு.

பச்சைத் தண்ணீரைத்தான் அதிகம் பார்க்கிறோம். பாலக்கீரையின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். பொரியலுக்கு இது பிரச்சினை இல்லை, திறந்த வாணலியில் ஆவியாகிப் போய்விடும். ஓவன் தட்டில் சீஸ் மூடி போட்டுவிடுகிறது; வெளியேற வழியில்லாத தண்ணீர் அடியில் இறங்கி சாஸைக் கரைக்கிறது.

சரியான முறை இது. 4 லிட்டர் தண்ணீரை 2 மேசைக்கரண்டி கல் உப்போடு தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆய்ந்த இலையை இரண்டு ஈடாகப் போட்டு, ஒவ்வோர் ஈட்டையும் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்குங்கள். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராகவே குழாயில் வரும். அதில் போட்டால் கீரை வெந்துகொண்டேதான் இருக்கும். மண்பானைத் தண்ணீரில் கொஞ்சம் ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளுங்கள். ஆறியதும் சாத்துக்குடி அளவு உருண்டைகளாகக் கையில் பிழிந்து, பிறகு எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி முறுக்குங்கள். இத்தோடு நிறுத்துவதுதான் தவறு. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, நடுவில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கீரையைப் பொடியாக நறுக்கி மறுபடியும் துணியில் முறுக்குங்கள். இரண்டாவது முறுக்கில் வரும் தண்ணீர் பலரை வியக்கவைக்கும்.

கண்ணால் அளக்க வேண்டாம், தராசில் வையுங்கள். 1 கிலோ கட்டை ஆய்ந்தால் 650, 700 கிராம் இலை தேறும். பிழிந்த பிறகு 250 கிராம் அளவில் நிற்க வேண்டும். 320 காட்டினால் இன்னும் 70 மில்லி தண்ணீர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். 300 மில்லி பாலில் கட்டிய சாஸுக்கு அது கிட்டத்தட்டக் கால் பங்கு. சாஸ் தளராமல் என்ன செய்யும்? பிழிந்த கீரையை அப்படியே கலக்காமல், வதங்கிய வெங்காயத்தோடு மூன்று நிமிடம் பெரிய தீயில் பிரட்டி, ஆவி அடங்கியதும் சாஸில் சேர்த்தால் மிச்ச ஈரமும் போய்விடும்.

ஓவனுக்குள் வைக்கும் முன் ஒரு சோதனை: கலவையின் நடுவில் கரண்டியால் அடி தெரியக் கோடு கிழியுங்கள். கோடு மூன்று நான்கு வினாடி அப்படியே நின்று மெதுவாக மூட வேண்டும். உடனே மூடினால் அடுப்பில் வைத்துச் சுண்டவிடுங்கள், அல்லது 2 மேசைக்கரண்டி ரஸ்க் தூளை உள்ளேயே கலந்துவிடுங்கள்.

சுட்டு முடித்த பிறகு தண்ணீர் தெரிந்தால் தட்டைச் சாய்த்து, ஓரத்தில் சேர்வதைக் கரண்டியால் மொண்டு எடுத்துவிட்டு, மேல் சீஸில் நான்கைந்து இடத்தில் குத்தி ஆவிக்கு வழி விட்டு, 180 டிகிரியில் இன்னும் 10 நிமிடம். அதற்கு முன் ஒன்று. ஓவனிலிருந்து எடுத்தவுடன் எந்தத் தட்டும் தளர்ந்துதான் இருக்கும். 10 நிமிடம் ஆறினால் மாவு இறுகிவிடும். எடுத்த சூட்டிலேயே கரண்டி விட்டு, தண்ணீர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கீரையை மாற்றியதும் வழவழப்பு, நார், அல்லது கசப்பு

கடையில் பாலக் என்று விற்பது பெரும்பாலும் பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த கீரை. மேல்நாட்டுச் செய்முறைகள் சொல்லும் ஸ்பினாச் வேறு செடி. இந்தப் பண்டத்துக்கு இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும், ஆனால் நம் பாலக்கின் தண்டு முரட்டுத்தனமாக இருக்கும். தண்டைத் தனியாக ஒரு நிமிடம் முன்னால் போடுங்கள்; முற்றியதைச் சாம்பாருக்கு ஒதுக்குங்கள்.

பாலக் கிடைக்காத நாளில் முளைக்கீரையும் சிறுகீரையும் நன்றாகவே வரும். அரைக்கீரையும் சரிதான், நிறம் மட்டும் கொஞ்சம் கருக்கும். தண்டுக்கீரையின் இலையை மட்டும் எடுங்கள். கொடிப்பசலையில் கொழகொழப்பு அதிகம். அதை வெந்நீரில் போடவே கூடாது. நறுக்கி, அகலமான வாணலியில் பெரிய தீயில் வதக்கி, வழவழப்பு அடங்கிச் சுருண்ட பிறகு எடுத்தால் ஓரளவு தேறும். முருங்கைக்கீரையில் பிழிய ஒன்றும் இல்லை, ஆனால் முழுக்க அதையே போட்டால் மணம் சீஸை விழுங்கிவிடும். கால் பங்குக்கு மேல் வேண்டாம். அகத்திக்கீரை இதற்கு ஆகாது. சீஸின் உப்போடு அதன் கசப்பு சேரும்போது இன்னும் தூக்கலாகத் தெரியும்.

பாலக்கே கசந்தால் அது பூ எடுக்கத் தொடங்கிய கீரை. கோடையில் சீக்கிரம் பூத்துவிடும். நடுத்தண்டு நீண்டு, இலை குறுகிக் கூராக இருந்தால் வாங்காதீர்கள். கீரையில் குற்றம் இல்லையென்றால் பூண்டைப் பாருங்கள். கருகிய பூண்டு ஒரு தட்டு முழுவதையும் கசக்கவைக்கும். வெங்காயம் பாதி வதங்கிய பிறகே பூண்டைச் சேர்க்க வேண்டும்.

காரம் வரவே இல்லை, அல்லது ஒரு வாயில் அனல், அடுத்த வாயில் ஒன்றுமில்லை

மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் கரையும். பச்சை மிளகாயை நறுக்கிக் கடைசியில் தூவினால் காரம் அந்தந்தத் துண்டிலேயே நின்றுவிடும்; கடித்தவருக்கு அனல், கடிக்காதவருக்கு வெறும் பால். வெண்ணெய் உருகியதும் முதலில் மிளகாயைப் போட்டு ஒன்றரை நிமிடம் சிறு தீயில் வதக்குங்கள். வெண்ணெய் காரத்தை வாங்கிக்கொண்டு சாஸ் முழுவதும் பரப்பும்.

அடுத்தது சுவை பார்க்கும் நேரம். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் காரச்சத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கில் உறைக்காமல் செய்யும். காரத்துக்கு மோர் குடித்தால் அடங்குவது இதனால்தான். ஆகவே சீஸ் சேர்க்கும் முன் சரியாக இருந்த காரம், சீஸ் சேர்த்த பின் மட்டுப்படும். சாஸைச் சீஸுக்கு முன் ருசி பார்க்கும்போது நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி தூக்கலாக இருக்கட்டும். உப்பு இதற்கு நேர் எதிர்: சீஸ் வந்ததும் ஏறும். சாஸில் உப்பு குறைவாகத் தோன்ற வேண்டும். கல் உப்பைக் கரண்டிக் கணக்கில் அளந்தவர்கள் தூள் உப்புக்கு மாறினால் அதே கரண்டியில் கூடுதல் உப்பு ஏறும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மேல்நாட்டுச் செய்முறையில் மூன்று ஹாலபீன்யோ என்று இருந்தால் மூன்று பச்சை மிளகாய் போடாதீர்கள், ஏழெட்டும் போடாதீர்கள். ஹாலபீன்யோவின் காரம் ஸ்கோவில் என்ற கார அளவுகோலில் 2,500 முதல் 8,000. நம் ஒல்லிப் பச்சை மிளகாய் அதைவிடப் பல மடங்கு ஏறும், ஆனால் சதை குறைவு. சதைக்கு ஒரு குடைமிளகாயை வதக்கிச் சேர்த்து, காரத்துக்கு மூன்று நான்கு பச்சை மிளகாய் என்று பிரித்துக்கொள்வது நல்லது. காரம் அதிகம் இருப்பது விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில். குழந்தைகள் சாப்பிடுவதானால் அதைச் சுரண்டி எடுத்தால் போதும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதில்லை.

வினிகரில் ஊறிய ஹாலபீன்யோ தரும் புளிப்பும் உப்பும் கலந்த காரத்துக்கு இங்கே ஈடு மோர் மிளகாய்தான், அதிலும் தஞ்சாவூர்க் குடமிளகாய் (காய்கறிக் குடைமிளகாய் அல்ல, சின்னக் குண்டு மிளகாய்) வற்றல். ஆனால் அதை உள்ளே கலந்து சுட்டால் ஊறிப்போய்ச் சவுக்கென்று ஆகிவிடும். எண்ணெயில் கருஞ்சிவப்பாகப் பொரித்து, கையால் நொறுக்கி, ஓவனிலிருந்து எடுத்த பிறகு மேலே தூவுங்கள். நாலைந்து வற்றலுக்கு மேல் வேண்டாம். போடுவதானால் சாஸின் உப்பைப் பாதியாக்குங்கள். இந்தப் பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான காரம் நம் பக்கத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

காரம் அளவுக்கு மீறிப்போனால் தண்ணீரோ வெறும் பாலோ ஊற்றாதீர்கள், பழையபடி அடியில் தேங்கும். 150 மில்லி பாலில் மிளகாயும் உப்பும் இல்லாமல் தனியாக ஒரு வெள்ளை சாஸ் கட்டிக் கலக்குங்கள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்றும் சேர்க்கலாம். உப்பு கூடியதற்கும் இதே மருந்து.

மிளகின் வாசனை நீண்ட சூட்டில் போய்விடும். பாதியைச் சாஸிலும் பாதியைச் சுட்ட பிறகும் போடுங்கள். மிளகாய்ச் செதில்களை மேலே தூவிச் சுடாதீர்கள், கருகிக் கசக்கும்.

சாஸ் திரிந்து திப்பி திப்பியாக நிற்கிறது

புளிப்புதான் காரணம். தக்காளி, தயிர், வினிகர் மிளகாய், எலுமிச்சை, இவற்றில் ஏதோ ஒன்று கொதிக்கும் பாலில் விழுந்திருக்கும். மாவு சேர்ந்து கட்டியான பிறகு போட்டால் ஓரளவு தாங்கும். மாவு வேகும் முன் போட்டால் தாங்காது. கோடையில் காலைப் பால் பாக்கெட்டைப் பிற்பகல் வரை வெளியே வைத்திருந்தால் பாலே லேசாகப் புளித்திருக்கும், முகர்ந்தால் தெரியாது. ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டு மீதியைச் சாஸில் ஊற்றுங்கள்.

திரிந்துவிட்டால் கீரை சேர்க்கும் முன் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, அரைத் தேக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் கண்ணுக்கு மென்மையாக வரும். கீரை சேர்ந்த பிறகு திரிந்ததற்கு வழி இல்லை. ரஸ்க் தூள் கூட்டி, சப்பாத்திக்குள் வைத்துச் சாப்பிடலாம்.

மாவுக் கட்டி, பச்சை மாவு வாசனை

வெண்ணெயில் மைதாவைச் சிறு தீயில் 2 நிமிடம், நிறம் மாறாமல், வறுத்த வாசனை வரும்வரை பிரட்டாததால் வருவது. பாலை மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கட்டியில்லாமல் கலந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். கட்டி விழுந்தால் வடிகட்டிவிடுங்கள். மைதா வேண்டாம் என்பவர்கள் 20 கிராம் அரிசி மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்துக் காய்ச்சலாம்.

பண்டம் இனிக்கிறது

டின் பால் என்று செய்முறையில் இருந்ததைப் பார்த்து, பாயசத்துக்குப் போடும் சர்க்கரைப் பால் டின்னை உடைத்து ஊற்றியிருப்பீர்கள். இதைச் சரிசெய்ய முடியாது. வேண்டியது சர்க்கரை இல்லாத சுண்டிய பால்; 600 மில்லிப் பாலை அடிகனமான பாத்திரத்தில் 300 ஆகும்வரை காய்ச்சினால் அதுதான்.

சீஸ் எண்ணெய் கக்குகிறது, ரப்பர்போல் இழுக்கிறது, அல்லது உருகவே இல்லை

சீஸை வகை பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். மொஸரெல்லா நூல் இழுக்கும், சிவக்கும். சீஸ் கட்டியிலும் ஸ்லைஸிலும் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதால் சாஸோடு வழுவழுப்பாகக் கலக்கும், பிரியாது, நூல் இழுக்காது. செடார் சுவை தரும், சூடு மீறினால் முதலில் எண்ணெய் விடுவதும் அதுதான். பன்னீர் புளிப்பு ஊற்றித் திரித்த பால் என்பதால் எவ்வளவு சுட்டாலும் உருகாது. துண்டாகச் சாப்பிடத்தான் சேர்க்கலாம்.

ஆகவே சீஸ் கட்டியைத் துருவி உள்ளே, மொஸரெல்லாவை மேலே. உள்ளே போடும் சீஸை அடுப்பை அணைத்து, சாஸ் கொதி அடங்கிய பிறகு கலக்குங்கள். கொதிக்கும் சாஸில் போட்டால் புரதம் இறுகிக் கொழுப்பை வெளியே தள்ளும். பாக்கெட்டில் துருவி வருவதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அது உருகுவதைத் தடுக்கும். கட்டியாக வாங்கித் துருவுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த தடவை 190க்குப் பதில் 175 டிகிரி வைத்துப் பாருங்கள்.

மேலே வெளுத்தே கிடக்கிறது, அல்லது மேலே கருகி நடுவில் சில்லென்று இருக்கிறது

டெல்டா கிராமங்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்திலும், கோடை இரவில் எல்லார் வீட்டு ஏசியும் ஓடும்போதும் வோல்டேஜ் இறங்கும். ஓவன் கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது: 230 வோல்ட்டில் முழுச் சூடு தரும் கம்பி 180 வோல்ட்டில் 61 சதவீதம்தான் தரும். 10 நிமிடத்தில் சூடேறும் ஓவன் 17 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். கதவைத் திறந்தால் விட்ட சூட்டை மீட்கத் திணறும். ஸ்டெபிலைசரின் எண்ணைப் பாருங்கள், இல்லையென்றால் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே வையுங்கள். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் நிமிடக் கணக்கை மறந்துவிட்டு, ஓரங்களில் குமிழி வந்து நடுவிலும் வரும்வரை காத்திருங்கள். கீரையை இரவில் சேர்ப்பதில்லை என்று இருக்கும் வீடுகளில் எப்படியும் மதியத்துக்குத்தான் செய்வார்கள். ஓவனுக்கும் பல ஊர்களில் அதுதான் நல்ல நேரம்.

மேலே கருகி உள்ளே வேகாதது பெரும்பாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டை நேராக உள்ளே வைப்பதால். காலையிலேயே கலந்து வைத்திருந்தால் அரை மணி நேரம் வெளியே வைத்து, முதல் 15 நிமிடம் அலுமினியத் தாள் மூடிச் சுடுங்கள். குளிர்ந்த கண்ணாடித் தட்டு சூட்டில் விரிசல் விடும் ஆபத்தும் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் ஈயப்பூச்சு போயிருந்தால் இதற்கு எடுக்கவே கூடாது.

மைக்ரோவேவ் மட்டும் உள்ள வீட்டில் மேல்பக்கம் சிவக்காது. ஓவனே இல்லாதவர்கள் அகலமான குக்கரில் ஒரு விரற்கடை உப்புப் பரப்பி, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, சிறு தீயில் 10 நிமிடம் சூடாக்கி, முக்காலி வைத்து அதன்மேல் தட்டை வைத்து 30 நிமிடம் சுடலாம். சீஸ் உருகும், சிவக்காது. ரஸ்க் தூளை வெண்ணெயில் தனியாகப் பொன்னிறமாக வறுத்துக் கடைசியில் தூவினால் மொறுமொறுப்புக் குறை தெரியாது.

கீரை பழுப்பாகிவிட்டது

பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் சூட்டிலும் புளிப்பிலும் கழன்றுவிடுவதால் நிறம் மங்குகிறது. மூடி போட்டு வேகவைத்தால் கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் திரும்ப உள்ளேயே விழும், திறந்தே வையுங்கள். சமையல் சோடா போட்டால் பச்சை நிற்கும், ஆனால் இலை கூழாகும், சத்தும் குறையும். வேண்டாம். 25 நிமிடம் சுட்ட கீரை சற்று மங்குவது இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பல்லில் நறநற, பல் கூச்சம்

இரண்டும் வேறு. நறநறவென்றால் மண். படுகைக் கீரையில் வண்டல் இலைக் காம்பின் இடுக்கில் ஒட்டியிருக்கும். நறுக்கும் முன், அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி அலசி, கீரையை மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரைமேல் கொட்டும். அடியில் மண் தெரியாத வரை, குறைந்தது மூன்று தண்ணீர்.

சாப்பிட்ட பிறகு பல் சொரசொரப்பாக, கூசுவதுபோல் இருந்தால் அது ஆக்சாலிக் அமிலம். வெந்த தண்ணீரில் நிறையப் போய்விடும் என்பதால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். லூசியானாச் செய்முறை சிலவற்றில் அதையே சாஸில் சேர்க்கச் சொல்வார்கள். நம் பாலக்குக்கு அது வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்குக்குப் பதில் என்ன சேர்க்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மறுநாள் இறுகி, எண்ணெய் விட்டுக் கிடக்கிறது

நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் மறுநாள் வரை நிற்கும். சூடாக்கும்போது 2 மேசைக்கரண்டிப் பால் தெளித்து, தாள் மூடி, 160 டிகிரியில் 15 நிமிடம். மைக்ரோவேவில் என்றால் பாதிச் சக்தியில், நடுவில் ஒரு தடவை கிளறி. மேலே மறுபடியும் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ரஸ்க் தூளைப் புதிதாக வறுத்துத் தூவுங்கள், பழையது ஊறிப்போயிருக்கும்.